அம்மாவின் தோள்பட்டை வலிக்கு கைரோபிராக்டிக் போகலாமா?

வேளச்சேரி வாசு
வணக்கம் மக்களே. அம்மாவுக்கு 56 வயசு, சர்க்கரை இருக்கு, மாத்திரை சாப்பிடறாங்க. கொஞ்ச மாசமா வலது தோள்பட்டையில வலி. முதல்ல ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலன்னாங்க. இப்ப கொண்டை போட கை பின்னால போகமாட்டேங்குது, பரண்ல இருந்து டப்பா இறக்க முடியல, ஜாக்கெட் மாட்ட அக்கா வரணும். மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடுத்த தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாச்சு.

இப்ப அவங்க மொபைல் பூரா கைரோ வீடியோதான், அதான் முதுகெலும்பு மூட்டுகளைக் கையால அழுத்தி எடுத்துவிடற இந்தக் கைரோபிராக்டிக் வைத்தியம். குப்புறப் போட்டு முதுகை ஒரு அழுத்து, கழுத்தை ஒரு திருப்பு, 'டக்'னு சத்தம். தாடைக்குக் கீழ பட்டையை மாட்டி இழுக்கறாங்க, இழுபட்டவர் எழுந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிக்கறார். "எனக்கும் இப்படி ஒரு தடவை எடுத்துவிட்டா சரியாயிடும்டா"ங்கறாங்க. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு இடத்துல போன் பண்ணேன். என்ன வலின்னு கேக்கறதுக்கு முன்னாடியே பத்து சிட்டிங் பேக்கேஜ், பணம் முழுசா முன்கூட்டியேன்னுட்டாங்க. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கோடம்பாக்கம் ஃபோகஸ்
நான் போயிருக்கேன் தலைவா. கேமரா டிபார்ட்மென்ட். ரிக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு நாள் பூரா நிக்கற வேலை. வலது தோள்பட்டையில ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் இழுக்கும். எலும்பு டாக்டர் மாத்திரை குடுத்தார், வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். கைரோ போனேன், கழுத்தையும் நடு முதுகையும் எடுத்துவிட்டார். அன்னிக்கு ராத்திரி குழந்தை மாதிரி தூங்கினேன். அப்பப்போ போயிட்டுத்தான் இருக்கேன். அம்மாவைத் தைரியமா கூட்டிட்டுப் போங்க.

ரிச்சி தெரு
எதுக்குங்க இவ்ளோ செலவு? புத்தூர் கட்டு போட்டு விட்டா முடிஞ்சது.

ஐயப்பாடு
@ரிச்சி தெரு, கை தூக்க முடியாம இறுகிப்போன தோளை இன்னும் இறுக்கிக் கட்டப் போறீங்களா? நல்ல யோசனை.

நெறியாளர்
கிளினிக் பேரும் போன் நம்பரும் போட்ட ரெண்டு பதிவை எடுத்தாச்சு. விளம்பரம் வேணாம்.

பெரம்பூர் பிசியோ
வாசு தம்பி, கைரோவா வேற எதுவான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல வீட்லயே ஒண்ணு பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க. அம்மாவை நாற்காலியில நிமிர்ந்து உட்கார வைங்க. ரெண்டு முழங்கையும் இடுப்போட ஒட்டி இருக்கணும், முன்கை நேரா முன்னால நீட்டி. முழங்கையை நகர்த்தாம ரெண்டு உள்ளங்கையையும் வெளிப்பக்கமா, கதவைத் திறக்கற மாதிரி விரிக்கச் சொல்லுங்க. இடது எவ்ளோ போகுது, வலது எவ்ளோ போகுது பாருங்க. அப்புறம் நீங்க அவங்க மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா (மெதுவா!) வெளிய தள்ளிப் பாருங்க. அவங்களா போக முடியாட்டியும் நீங்க தள்ளினா போகுதா, இல்ல நீங்க தள்ளினாலும் முட்டிக்கிட்டு நிக்குதா? அதுதான் முக்கியம்.

கழுத்தை ரெண்டு பக்கமும் திருப்பும்போது, அண்ணாந்து பார்க்கும்போது அந்த வலி கூடுதா, கைக்கு இறங்குதான்னும் கேளுங்க.

வேளச்சேரி வாசு
பண்ணிப் பார்த்தோம் அண்ணா. இடது நல்லா விரியுது. வலது கொஞ்சம்தான். நான் தள்ளினாலும் ஒரு இடத்துல முட்டி நிக்குது, அதுக்கு மேல போனா "அம்மா"ன்னு கத்திட்டாங்க. கழுத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் ஆகல.

பெரம்பூர் பிசியோ
அப்படின்னா அநேகமா உங்க அம்மாவுக்கு தோள் மூட்டே இறுகியிருக்கு. ஃப்ரோசன் ஷோல்டர்ம்பாங்க. நம்ம ஊர் டாக்டர் சீட்டுல 'பெரிஆர்த்ரைட்டிஸ்', 'பி.ஏ. ஷோல்டர்'னு எழுதியிருப்பாங்க, அதேதான். நேர்ல பார்க்காம நான் முடிவா சொல்லமாட்டேன். ஆனா வயசு, சர்க்கரை, ராத்திரி வலி, வெளிப்பக்கம் திரும்பாத கை, நாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுது. 40லிருந்து 60 வயசுக்குள்ளதான் இது அதிகம், ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்குக் கூட. சர்க்கரை உள்ளவங்களுக்கு மத்தவங்களைவிட அதிகமா வரும், இழுத்தடிக்கவும் செய்யும். தைராய்டு இருந்தாலும் வரும், அதையும் டெஸ்ட் பண்ணிக்கோங்க.

உள்ள நடக்கறது இதுதான். தோள் மூட்டைச் சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கு. கையைத் தலைக்கு மேல தூக்கும்போது விரிஞ்சு குடுக்கணும்ங்கறதால அது இயல்பாவே தொளதொளன்னு இருக்கும். அந்த உறை அழற்சியில தடிச்சு, சுருங்கிடுது. முதல் கட்டத்துல வலிதான் பெருசு. அடுத்த கட்டத்துல வலி குறையும், ஆனா கை போகாது. மூணாவதுல கொஞ்சம் கொஞ்சமா விடும். எல்லாம் சேர்த்து ஒரு வருஷமும் ஆகும், ரெண்டு மூணு வருஷமும் ஆகும். சிலருக்குக் கடைசியில கொஞ்சம் பிடிப்பு மிச்சம் நின்னுடும்.

இப்ப கழுத்தையோ முதுகையோ எவ்ளோ சத்தமா எடுத்துவிட்டாலும் அந்த உறை நீளாது. இழுக்கற இடம் வேற, சுருங்கின இடம் வேற. அதுவும் முதல் கட்டத்துல தோளையே பிடிச்சு முரட்டுத்தனமா முறுக்கினா வலி இன்னும் கிளம்பும்.

ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துடுங்க. ஃப்ரோசன் ஷோல்டர் எக்ஸ்ரேயில தெரியாது, படம் நார்மலாத்தான் இருக்கும். ஆனா மூட்டுத் தேய்மானத்துலயும் கை இதே மாதிரி முட்டும். கால்சியம் படிஞ்சிருந்தாலும், பழைய அடியில மூட்டு நழுவி யாரும் கவனிக்காம விட்டிருந்தாலும் படத்துல தெரிஞ்சுடும்.

கோடம்பாக்கம் ஃபோகஸ்
பிசியோக்காரங்களுக்கு கைரோன்னாலே கடுப்புதான், தெரிஞ்ச கதை. வாடிக்கையாளர் போயிடுவாங்கல்ல. எனக்கு வலி போனது பொய்யா சார்?

ஐயப்பாடு
உங்களுக்கு வலி போனது பொய்யில்ல. அவங்க சொல்ற காரணம்தான் பொய். இதோட வரலாறைப் பாருங்க. 1895-ல அமெரிக்காவுல, அயோவா மாநிலம் டாவன்போர்ட்ல, டி.டி. பாமர்னு ஒரு காந்த வைத்தியர். அதே கட்டடத்துல துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லர்ட்ங்கறவருக்குக் காது சரியா கேக்காது. பாமர் அவர் முதுகெலும்புல ஒண்ணை அழுத்தி 'இடத்துல வெச்சார்', காது கேட்டுச்சுன்னார். காதுக்குப் போற நரம்பு முதுகு வழியா போறதே இல்ல! அங்கிருந்து 'எலும்பு விலகினா நோய், இடத்துல வெச்சா குணம்'னு ஒரு கொள்கையே கட்டிட்டாங்க. ரெண்டே வருஷத்துல ஸ்கூலும் திறந்தாச்சு. இதுக்கு நாம பேக்கேஜ் கட்டணுமா?

பெரம்பூர் பிசியோ
ஐயப்பாடு சார், வரலாறு சரி. ஆனா 1895-ஐ வெச்சு இன்னிக்கு இருக்கறவங்க எல்லாரையும் தள்ளிட முடியாது. நம்ம துறைகள்லயும் அந்தக் காலத்துல என்னென்னவோ பண்ணியிருக்காங்க. பிரிட்டன்ல 1994-ல தனிச் சட்டம் போட்டு, கவுன்சில் வெச்சு, பதிவு பண்ணினவங்கதான் கைரோபிராக்டர்னு போட்டுக்கணும்னு ஆக்கிட்டாங்க. வெளிநாட்டுல வருஷக்கணக்கா முழுநேரம் படிச்சவங்க நல்லா பரிசோதனை பண்ணுவாங்க, "இது என் கேஸ் இல்ல, டாக்டரைப் பாருங்க"ன்னு திருப்பியும் அனுப்புவாங்க. இங்க அதுக்குன்னு தனி கவுன்சில் கிடையாது. முழுசா படிச்சவரும், ஏதோ வாரக் கடைசி வகுப்புக்குப் போனவரும் ஒரே போர்டைத்தான் மாட்டறாங்க. அதனால போறவங்க "என்ன படிச்சீங்க, எங்க, எத்தனை வருஷம்"னு கூச்சப்படாம கேக்கணும்.

கோடம்பாக்கம் சார், உங்களுக்கும் நியாயமா ஒண்ணு சொல்லணும். 2004-ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு. தோள் வலியோட, கழுத்து, மேல்முதுகுப் பக்கமும் பிடிப்பா இருந்த 150 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மீதிப் பேருக்கு அதோட கழுத்து, மேல்முதுகு, விலா மூட்டுகளைக் கையால எடுத்துவிடற சிகிச்சையும். 12 வாரம் கழிச்சு, எடுத்துவிட்ட பக்கம் 43 சதவீதம் பேர் முழுசா சரியாச்சுன்னாங்க, இன்னொரு பக்கம் 21 சதவீதம். அதைப் பண்ணினது கைரோ இல்ல, மேனுவல் தெரபி பயிற்சி எடுத்த பிசியோக்கள். ஆனா செஞ்ச வேலை கிட்டத்தட்ட அதேதான். ஆக, கழுத்தும் முதுகும் சேர்ந்து பிடிச்சிருக்கற தோள் வலிக்கு இதுல பலன் இருக்கலாம். வாசு அம்மா கேஸ் அது இல்லைங்கறதுதான் என் பேச்சு.

அந்தச் சத்தத்தைப் பத்தியும் சொல்லிடறேன், அம்மா அதுலதான் மயங்கியிருக்காங்க போல. 2015-ல கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல எம்.ஆர்.ஐ.க்குள்ள விரலை இழுத்து சொடக்கு எடுத்துப் படம் பிடிச்சாங்க. மூட்டு விரியற அந்த நொடியில உள்ள இருக்கற திரவத்துல ஒரு வாயுக்குழி உருவாகுது, சத்தம் அப்பத்தான் வருது. எலும்பு எங்கயும் விலகவும் இல்ல, திரும்பி வந்து உட்காரவும் இல்ல. எடுத்ததும் லேசான மாதிரி இருக்கறது நிஜம்தான். தசை கொஞ்ச நேரம் தளரும், வலி மந்தமாகும். சலூன்ல முடி வெட்டி முடிச்சு கழுத்தை நெட்டி எடுத்தா ஒரு சுகம் வருமே, அதுவும் இதுதான்.

சானடோரியம்
சித்த மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். இந்த நோய் எங்களுக்குப் புதுசு இல்லை. வாத நோய்கள் 80 என்று பிரிப்பதில் கும்பவாதம் என்று ஒன்று வருகிறது. தோள் வலி, கை தூக்க முடியாமை எல்லாம் அதன் குறிகுணங்கள். புறநோயாளிகள் பிரிவில் இப்படி வருகிறவர்களுக்கு வர்மம் (உடலின் முக்கியப் புள்ளிகளை அழுத்தித் தூண்டுவது), தொக்கணம் (கையால் பிடித்துவிடும் சிகிச்சை) பார்க்கிறோம். தொக்கணத்தில் மட்டும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. எல்லாவற்றையும் எல்லாருக்கும் செய்வதில்லை, வலி அதிகமாக இருக்கும்போது முறுக்கல், இழுத்தல் பக்கம் போவதே இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது, மத்திய அரசுடையது. வேளச்சேரியிலிருந்து பக்கம்தான். வீடியோ பார்த்து ஏமாறுவதற்கு முன் ஒருமுறை வரலாம்.

ஐயப்பாடு
கைரோவுக்கு ஆதாரம் கேட்டோம். கும்பவாதத்துக்கும் கேக்கணும்ல?

சானடோரியம்
தாராளமாகக் கேளுங்கள். பெரிய ஆய்வுகள் இன்னும் வேண்டும், மறுக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும், எங்கள் துறைக்காரரே சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

மயிலை மாமி
வாசு, அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டுப்பா. எனக்கு இடது தோள்ல வந்துது. கோலம் போட குனிஞ்சா கூட வலிக்கல, புடவைக் கொசுவத்தைப் பின்னாடி சொருகப் போனா உயிர் போகும். பஸ்ல கம்பியைப் பிடிச்சுண்டு நிக்கும்போது டிரைவர் பிரேக் போட்டா, அவ்ளோதான், கண்ணுல தண்ணி. இதுக்கு எல்லாரும் வைத்தியம் சொன்னா. நானும் ஒண்ணு விடாம கேட்டுண்டேன், ஆனா பண்ணினது பிசியோ பொண்ணு சொல்லிக்குடுத்ததை மட்டும்தான்.

சுவத்துல விரலால மெள்ள மெள்ள ஏறணும், எட்டின இடத்துல பென்சிலால ஒரு கோடு. ரொம்ப நாள் அந்தக் கோடு நகரவே இல்லை. அதுல எனக்கு வந்த கோபம் இருக்கே! பேரன் வந்து "பாட்டி சுவத்துல கிறுக்கறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சான். அப்புறம் விடும், ஆனா அதுக்கு இஷ்டப்பட்டப்போதான் விடும். அம்மாவுக்கு அவசரம்னா அது அவ தப்பில்லை, ராத்திரி தூங்காதவாளுக்கு பத்து நிமிஷ வீடியோ கோவில் மாதிரிதான் தெரியும். முதல்ல அவ தூக்கத்துக்கு வழி பண்ணு. தலகாணி ஒண்ணை அந்தக் கைக்குக் கீழ அணைவா வெச்சுண்டு மல்லாக்கப் படுக்கச் சொல்லு.

ஓய்வுபெற்ற ஸ்டாஃப்
ஜி.எச்.ல பல வருஷம் இருந்தவ. இழையில யாரும் சொல்லாத ஒண்ணு. தோள் வலின்னா எப்பவும் தோளே இல்ல. மாடி ஏறினா இடது தோள், கை, தாடைன்னு வலி வந்து, நின்னா குறைஞ்சா, கூட வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தா அது நெஞ்சு. சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். 108 கூப்பிடுங்க, எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்காதீங்க. சாப்பிட்ட பிறகு வலது தோள் கிட்ட வலின்னா பித்தப்பையையும் பார்க்கணும். காய்ச்சலோட மூட்டு வீங்கிச் சூடா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கழுத்தை வெடுக்குன்னு திருப்பறது பத்தியும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் ரெண்டு, கழுத்தெலும்புக்குள்ள ஓட்டை வழியாத்தான் ஏறுது. அதோட உள்சுவர் கிழிஞ்சா பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். கழுத்தை எடுத்ததாலதான் கிழிஞ்சுதா, ஏற்கனவே கிழிய ஆரம்பிச்ச வலிக்குத்தான் அங்க போனாங்களான்னு டாக்டர்களுக்குள்ளயே இன்னும் வாதம் இருக்கு. ஆனா தோள் மூட்டு இறுகினதுக்கு கழுத்துல அந்த ரிஸ்க் எதுக்கு? எலும்பு பலவீனமான வயசானவங்களை அழுத்தவே கூடாது. எடுத்துவிட்ட பிறகு தலைசுத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ரெட்டையா தெரியறதுன்னா வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க.

வேளச்சேரி வாசு
அப்டேட். எலும்பு டாக்டர்கிட்ட போனோம். அவரும் கையை அதே மாதிரி வெளிய தள்ளித்தான் பார்த்தார். எக்ஸ்ரே நார்மல், பி.ஏ. ஷோல்டர்தான்னுட்டார். தைராய்டு சரியா இருக்கு, மூணு மாச சர்க்கரை டெஸ்ட் கூடுதலா வந்திருக்கு. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டு பிசியோ ஆரம்பிக்கலாம்ங்கறார். அம்மா ஊசின்னதும் பயந்துட்டாங்க, ஸ்டீராய்டுன்னதும் இன்னும். ஆபரேஷன் பண்ணிட்டா சீக்கிரம் முடியுமேன்னு அக்கா கேக்கறா. என்ன சொல்றீங்க?

பெரம்பூர் பிசியோ
ஆபரேஷன் பத்தி: பிரிட்டன்ல 503 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2020-ல லான்செட் இதழ்ல வந்தது. மயக்கம் குடுத்து கையை அசைச்சு விடறது, துளை போட்டு உறையை வெட்டி விடறது, ஊசியோட பிசியோ, இந்த மூணையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பெருசா சொல்ற அளவுக்கு எதுவும் எதையும் மிஞ்சல. அதனால முதல்ல சின்ன வழி. அதுக்கு மசியலன்னா அப்புறம் பெருசை யோசிக்கலாம்.

ஊசி பத்தி: வலி பெருசா இருக்கற இந்தக் கட்டத்துலதான் அது நல்லா கேக்கும். வலியைக் குறைச்சு, தூக்கம் குடுத்து, பயிற்சி பண்ண ஒரு இடைவெளி கிடைக்கும். அது மட்டுமே வைத்தியம் இல்ல. சர்க்கரை சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரைக்கும் ஏறும். சர்க்கரை டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு, வீட்ல குளுக்கோமீட்டர்ல பார்த்துக்கோங்க. இப்ப அம்மாவுக்கு அளவு கூட இருக்கறதால அவர் "கொஞ்சம் இறக்கிட்டுப் போடலாம்"னாலும் சொல்லலாம். அவர் பேச்சைக் கேளுங்க.

பயிற்சி: மேஜையில நல்ல கையை ஊணி, குனிஞ்சு, வலிக்கற கையைத் தொங்கவிட்டு சின்ன வட்டமா ஆட்டறது. அமெரிக்க சர்ஜன் காட்மன் பேர்லயே அந்தப் பயிற்சி இருக்கு, ஃப்ரோசன் ஷோல்டர்ங்கற பேரும் 1934-ல அவர் வெச்சதுதான். அப்புறம் மாமி சொன்ன சுவர். மல்லாக்கப் படுத்து ரெண்டு கையாலயும் ஒரு குச்சியைப் பிடிச்சு, நல்ல கையால வலிக்கற கையை வெளிப்பக்கம் தள்ளறது. பண்ணி முடிச்சு அரை மணி நேரத்துல வலி அடங்கிடணும். ராத்திரி பூரா வலிச்சா அன்னிக்கு அதிகமா பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், மறுநாள் குறைச்சுக்கணும், நிறுத்தக் கூடாது. "வலிச்சாத்தான் விடும்"னு யாராவது கையைப் பிடிச்சு வலுக்கட்டாயமா தூக்கினா, பிசியோவா இருந்தாலும் சரி, ஆளை மாத்துங்க.

செலவு இடிச்சா கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில பிசியோதெரபி இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துலயும் 2021-ல ஆரம்பிச்சதுலேர்ந்து, வெளிய வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க. உங்க அம்மா நடமாடறாங்க, அவங்களுக்கு அது தேவைப்படாது. ஆனா படிக்கறவங்க வீட்ல யாருக்காவது உதவும்.

வேளச்சேரி வாசு
ரொம்ப நன்றி அண்ணா, மாமி, எல்லாருக்கும். சர்க்கரை டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. அம்மா இன்னும் "ஒரு தடவை அந்த டக் மட்டும் எடுத்துட்டு வந்துடலாமே"ங்கறாங்க. மாமி பதிவைப் படிச்சுக் காட்டினேன். கோவில்ங்கற இடத்துல சிரிச்சாங்க. சுவத்துல பென்சில் கோடு போட்டாச்சு, ஹவுஸ் ஓனர் பார்க்காம இருக்கணும்.

கோடம்பாக்கம் ஃபோகஸ்
நல்லது வாசு. பிசியோ சார், கோச்சுக்காதீங்க, எனக்கும் ஒரு கேள்வி. அந்தக் கையை விரிக்கற சோதனையை நானும் பண்ணேன். ரெண்டும் நல்லா விரியுது, எங்கயும் முட்டல. ஆனா வலது பக்கமா அண்ணாந்து மானிட்டரைப் பார்த்தா கட்டைவிரல் வரைக்கும் சுருக்குன்னு இறங்குது. கைரோ போயிட்டு வந்தா ஒரு வாரம் தேவலாம், அப்புறம் அதே. இது என்ன கணக்கு?

பெரம்பூர் பிசியோ
கோபமெல்லாம் இல்ல சார். அது தோள் இல்ல, கழுத்து மாதிரி தெரியுது. கழுத்துல நரம்பு வெளிய வர்ற இடத்துல டிஸ்க்கோ எலும்பு வளர்ச்சியோ அழுத்தினா தோள்பட்டையில ஆரம்பிச்சு கட்டைவிரலுக்கு இறங்கும். கட்டைவிரல் பக்கம் மரத்துப் போகுதா? கையில பலம் குறைஞ்ச மாதிரி இருக்கா?

கோடம்பாக்கம் ஃபோகஸ்
மரத்துப் போறது உண்டு. பலம்னா... லென்ஸ் பெட்டியை வலது கையில தூக்கறதை விட்டுட்டேன், முழங்கை மடங்கவே மாட்டேங்குது. வலியாலன்னு நினைச்சேன்.

பெரம்பூர் பிசியோ
வலிக்குத் தூக்காம இருக்கறது வேற, பலம் போனது வேற. இதை நேர்ல சோதிச்சே ஆகணும். நரம்பு டாக்டரையோ முதுகெலும்பு பார்க்கற எலும்பு டாக்டரையோ பாருங்க, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையான்னு அவங்க சொல்லுவாங்க. அதுவரைக்கும் கழுத்தை யாரும் எடுத்துவிட வேணாம், உங்க கைரோ நல்லவராவே இருந்தாலும். நடையில தடுமாற்றம், சிறுநீர் போறதுல மாற்றம் ஏதாவது வந்தா அன்னிக்கே எமர்ஜென்சி.

கோடம்பாக்கம் ஃபோகஸ்
அதெல்லாம் இல்ல சார். திங்கட்கிழமையிலேர்ந்து பொள்ளாச்சி ஷெட்யூல். முடிச்சுட்டு வந்து பார்த்துடறேன்.

பெரம்பூர் பிசியோ
ஷெட்யூலுக்கு முன்னாடி பாருங்க. இன்னிக்கு வியாழன்தான்.

ஓய்வுபெற்ற ஸ்டாஃப்
தம்பி, நாளைக்குக் காலையில ஜி.எச். ஓ.பி.க்கு வாங்க. எட்டு மணிக்கெல்லாம் சீட்டு போட்டுடுங்க, கூட்டம் கம்மியா இருக்கும். பழைய சீட்டு, எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டு வாங்க.

கோடம்பாக்கம் ஃபோகஸ்
சரிங்கம்மா. அசிஸ்டென்ட் ஒருத்தனை ரிக்குக்கு ஏற்பாடு பண்ணிட்டு வர்றேன்.